என் சக்கரத்தை நான் கழற்றியபோது

இன்று மதியம் பழவங்காடியில் என் சைக்கிளின் முன்சக்கரம் பஞ்சர்.

அந்தச் சக்கரத்தின் அச்சில் பூட்டு போட்டிருக்கிறேன். அதற்கென்று உள்ள சாவியைப் போட்டால்தான் கழலும். மழையில் துருப்பிடித்து, சாவி திரும்பவே இல்லை. நான் வேலை பார்க்கும் ஹோட்டலிலிருந்து குறடு எடுத்துவந்து பூட்டையே பிடித்து முறுக்கினேன்.

ஒருவர் என் தோளைப் பிடித்து மலையாளத்தில் கேட்டார். "யாருடெ சைக்கிள் இது?"

"என் சைக்கிள்தான் சேட்டா."

"எல்லாரும் இதுதான் பறயும்."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் போனில் படம் எடுத்தார். சாவியைக் காட்டினேன், யாரும் பார்க்கவில்லை.

பக்கத்தில் தேங்காய் விற்கும் அக்கா எழுந்து வந்தார். "அவனை விடுங்கோ. ஹோட்டல்ல வேலை பாக்குற ஆளாக்கும். தெனமும் இங்கதான் சைக்கிளை நிறுத்துவான்."

தோளைப் பிடித்தவர் கையை எடுத்தார். "பின்ன எதுக்கு இந்தப் பூட்டு?"

"போன மாசம் இதே எடத்துலதான் வீலைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க சேட்டா. பட்டப்பகல்ல."

அவர் குனிந்து சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார். அக்கா கொடுத்த தேங்காய் எண்ணெயை விட்டதும் சாவி மெல்லத் திரும்பியது.

அன்று கழற்றியவனை ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னைவிட நல்ல சட்டை போட்டிருந்திருப்பானோ? நீங்களே சொல்லுங்கள்.