பரணில் ஒளித்த நெத்திலி

ஆக்னஸ் அக்காவின் அடுப்படிக்கென்று ஒரு மணம் உண்டு. நெத்திலிக் கருவாட்டு மணம். இருபத்தாறு வருஷம் வறுத்தால் சுவரே ஊறிவிடாதா? மெட்டுகூடாவில் எங்கள் அபார்ட்மெண்டுக்குள் கால் வைத்ததுமே மூன்றாம் மாடியில் என்ன சமையல் என்று தெரிந்துவிடும். நான் இரண்டாம் மாடி ஷர்மிளா. என் மாமியார் முட்டையைக்கூட வாசற்படி தாண்ட விடமாட்டார். ஆகவே நாக்கு கேட்கும்போதெல்லாம் மேலே ஏறிவிடுவேன்.

அக்காவின் கணவர் ஞானப்பிரகாசம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு ஏழு மாதமாக மூன்றாம் மாடியிலேயே கிடந்தார். லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாற்காலியோடு நாலு பேர் தூக்கி இறக்குவார்கள். அந்த வெட்கத்தில் மனுஷன் பேச்சையே குறைத்துவிட்டார். போலாரத்தில் தரையோடு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். இதை விற்றால்தான் அது. வந்து பார்த்த மூன்று குடும்பமும் அடுப்படி வாசலிலேயே மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிட்டன.

புரோக்கர் கிரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "ஆன்ட்டி, இந்த வாசனைக்கு வீடு போகாது. ஒரு வாரம் கருவாடு நக்கோ, வேண்டவே வேண்டாம்."

"ஹவ் தம்பி, சரி, இனி ரசந்தான்," என்றார் அக்கா, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

நானும் புடவையைச் செருகிக்கொண்டு அடுப்படியைத் தேய்க்கக் கூட இறங்கினேன். சோடா உப்பு, எலுமிச்சைத் தோல், சுடுதண்ணீர். எக்ஸாஸ்ட் ஃபேனில் மட்டும் ஒரு கிண்ணம் பிசுக்கு வந்தது. நாலு நாளில் இடுப்பு ஒடிந்துவிட்டது, போங்கள். சுண்ணாம்பும் அடித்து முடித்ததும் எனக்கே அது யார் வீட்டு அடுப்படியோ என்றிருந்தது.

சுஷ்மா என்ற பெண் பார்க்க வரும் காலையில், அக்கா ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார். "தூத்துக்குடிலேருந்து வந்த நெத்திலி. தூக்கிப்போட மனசு வரல. உன் வீட்டுல வெச்சிரு ஷர்மி."

என் மாமியாரின் மூக்கு லேசுப்பட்டதா? அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, அவர் அடுப்படிப் பரணிலேயே இட்லிப் பானைக்குப் பின்னால் அதைச் செருகிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நானேதான், ஒப்புக்கொள்கிறேன்.

சுஷ்மா குழாயைத் திறந்து பார்த்தாள், அலமாரிகளைத் திறந்து பார்த்தாள், பிடித்துப்போனது போலத்தான் இருந்தது. அதோடு விட்டாளா? பரண் எவ்வளவு ஆழம் என்று ஸ்டூலில் ஏறி இட்லிப் பானையை இழுத்தாள். பொட்டலம் தொப்பென்று விழுந்து வெடித்தது. தரையெல்லாம் நெத்திலி. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை செத்தாலும் மறக்காது.

வாசனை ஹாலுக்கும் போய்விட்டது. "போச்சா, ஆக்னஸ்?" என்று ஞானப்பிரகாசத்தின் குரல் வந்தது.

சுஷ்மா இறங்கிக் குந்தி உட்கார்ந்து, ஒன்றை எடுத்து முகர்ந்தாள். "எண்டு சேபலா?" என்றாள். கருவாடா என்று தெலுங்கில் கேட்கிறாள். அக்கா குற்றவாளி போலத் தலையாட்டினார்.

கொண்டாப்பூரில் இப்போது அவள் குடியிருக்கும் வீட்டில் மீன் சமைக்கவே கூடாதாம். மூன்று வருஷமாக அம்மா வீட்டுக்குப் போனால்தான் உண்டாம். "இங்க வறுத்தா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்களா?" என்று தெலுங்கில் அவள் கேட்டதும், "தட்டோட வருவாங்க!" என்றேன் நான். அப்பாடா! என் வயிற்றில் யாரோ பாலை வார்த்தார்கள்.

அவள் தன் கணவரையும் கூட்டி வந்து அன்று சாயங்காலமே வீட்டை முடித்துவிட்டாள். அக்கா வெள்ளைச் சுவரைப் பற்றிக் கவலைப்படாமல் வாணலியை ஏற்றினார். பொறுக்கிக் கழுவிய நெத்திலியை வறுத்துத் தட்டில் கொண்டுபோய் வைத்தார். ஞானப்பிரகாசம் சாப்பிடாமல் மாடிப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என்னை இன்னும் ஒரே ஒரு தடவை தூக்கினா போதும், இல்ல?" என்றார்.