பத்தியமாக வந்த பாண்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வயிற்றுப்போக்கு என்றால் பேக்கரிப் பாண்தான் பத்தியம். எட்டு வயதில் நான் எலும்பும் தோலுமாய்க் கிடந்தபோது, அம்மா கோதுமை ரொட்டியை நிறுத்திவிட்டு, பாணைத் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டினாள். வயிறு இன்னும் மோசமானது. சுவரை ஒட்டிய அடுத்த காம்பிராவில் குடியிருந்தவள் செய்வினை வைத்துவிட்டாள் என்று அம்மா அவளோடு பேசுவதையே விட்டாள்.

கடைசியில், ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் கேட்டார்: "ரொட்டியும் பாணும் ஒரே கோதுமை மாதானே, அம்மா? பிள்ளைக்குக் கோதுமை ஒத்துவரேல்லை. ரெண்டையும் நிப்பாட்டுங்கோ. குரக்கன் குடுங்கோ."

"அப்ப என் புள்ளைக்கு யாரும் ஒண்ணும் செய்யலீங்களா?" என்றாள் அம்மா.

இரண்டு வாரம் குரக்கன், அதாவது கேழ்வரகு, சாப்பிட்டதில் வயிற்றுப்போக்கு நின்றது. அன்று சுட்டதில் முதல் குரக்கன் ரொட்டியை அம்மா அடுத்த காம்பிராவுக்குக் கொண்டுபோனாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பசிக்குதும்மா!" என்று கத்தினேன்.

பசி என்று என் வாயால் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது. அடுத்த காம்பிரா வாசலில் நின்ற அம்மாவும் அவளும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.