திரும்பிப் பார்க்காத தம்பி

புதுப் பானையில் முதன்முதலாகத் தண்ணீர் ஊற்றும்போது எழுகிற வாசனை எல்லோருக்கும் பிடிக்கும் என்கிறார்கள். கோடையில் எங்கள் தெருமுனையில் மண்பானை விற்க வருகிறவர்கூட ஒரு பானையில் நீரை ஊற்றி, மோந்து பார்க்கச் சொல்லித்தான் வியாபாரத்தைத் தொடங்குவார். எனக்கு அந்த வாசனை வந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். ஒன்பது வயதில், கண்மாய்க்கரையில், விளையாட்டுக்காக நாங்கள் நீர் நிரப்பிய ஒரு சின்னக் கலயத்தின் வாசனை அது. அந்தக் கலயம் உடைந்த சாயங்காலம் என் தம்பி ராசு என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

அது யுத்த காலம். கீரனூரிலிருந்து குளத்தூர் போகும் பாதையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். கரியைப் போட்டு ஓட்டுகிற திருச்சி பஸ் ஒன்று கீரனூர் வழியாகப் போகிறது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆனால் வாந்திபேதி கண்ட எங்கள் ஆத்தாவை அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். வியாழக்கிழமை காலையில் உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தவள், வெள்ளிக்கிழமை மத்தியானம் இல்லை.

சாவு வீட்டில் பெண் பிள்ளைகள் காலைச் சுற்றிக்கொண்டு நிற்கக்கூடாது என்று என்னை அடுத்த தெருவில், என் சிநேகிதி செல்லத்தின் வீட்டில் கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆளுக்கொரு கை வறுத்த கடலை கொடுத்தார்கள். கொட்டுச் சத்தமும் பெண்கள் அழுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. பிறகு கொட்டு மட்டும் தூரமாய்ப் போனது. அப்புறம் அதுவும் இல்லை. நான் கடலையைத் தின்று முடித்தேன். அதை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ராசுவை மட்டும் என்னோடு அனுப்பவில்லை. தாய்க்குக் கொள்ளி வைக்க மகன் வேண்டும். இருந்த ஒரே மகன் அவன்தான். அவனுக்கு ஐந்து வயது. மொட்டையடித்து, ஈரத்துணி கட்டி, பெரியப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனாராம்.

எங்களைப் பார்த்துக்கொள்ள ஐயாவின் அக்கா, எங்கள் அத்தை, திருக்கோகர்ணத்திலிருந்து வந்து சேர்ந்தாள். கை ஓயாத மனுஷி. தன் பங்கையும் எங்கள் தட்டில் வைப்பாள். ஆனால் கண்ணீரைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. நான் மூக்கை உறிஞ்சினாலே அடுப்படியிலிருந்து குரல் வரும்: "அழுதா ஆத்தா வந்துருமா?" ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதைத்தான். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அது கணக்குப் பாடம்போலப் புரிந்தது: அழுதால் வரமாட்டாள், ஆகவே அழுவது வீண்.

ராசு அழவேயில்லை. "சமத்துப் பய, பட்டுனு மறந்துட்டான்" என்று ஊரே மெச்சியது. சாப்பிட்டான், தூங்கினான், கோழியைத் துரத்தினான். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டான். எவ்வளவு கத்தினாலும் அப்படியே நேராக நடந்துகொண்டிருப்பான்; முன்னால் போய் நின்றால் பேசுவான். மழித்த தலையில் தண்ணீர் கோத்துக் காது மந்தமாகிவிட்டது என்று அத்தை வெங்காயச் சாறு காய்ச்சி ஊற்றினாள்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து கொஞ்ச நாளில்தான் நாங்கள் "எழவு வெளையாட்டு" ஆடினோம். நினைத்துச் செய்த காரியமில்லை. கல்யாணம், பள்ளிக்கூடம், சாமியாட்டம் எல்லாம் ஆடிச் சலித்திருந்த செல்லம், அன்று தன் மரப்பாச்சியைக் கிழிந்த துணியில் சுற்றிக் கருவேல மரத்தடியில் கிடத்திவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவளைப்போல என்னைப் பார்த்து, "துட்டிக்கு வந்துருக்கேன்டி, எந்திரி" என்றாள். பெரிய பொம்பளைகள் செய்கிற மாதிரியே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தைப் புதைத்து ராகம் போட்டாள். நான் முதலில் சிரித்தேன். அவள் முதுகில் கை வைத்ததும் என்ன ஆயிற்றோ, அழத் தொடங்கிவிட்டேன். அத்தையின் குரல் எட்டாத இடம் அது. நெஞ்சு காலியாகிற வரைக்கும் அழுதேன். செல்லம் ஆட்டத்தை நிறுத்தவில்லை, நான் நிஜமாக அழுகிறேன் என்று தெரிந்தும் பிடியை விடவில்லை. அவளுக்கும் ஒன்பது வயதுதான். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றும் எனக்கு வியப்புத்தான்.

"கொள்ளிக்கொடம் ஒடைக்க ஆம்பள ஆளு வேணுமே" என்று செல்லம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னபோது, சற்றுத் தள்ளி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த ராசு தானாக எழுந்து வந்தான். திருக்கோகர்ணம் கோயில் திருவிழாவில் ஆத்தா எனக்கு வாங்கித் தந்த மண் சொப்பில், அதுவரை தண்ணீர் படாத ஒரு கலயம் இருந்தது. கண்மாய்க்குள் தேங்கிக் கிடந்த குட்டையில் அதை நிரப்பி அவனிடம் கொடுத்தோம். இடது தோளில் வைத்துக்கொண்டான். நாங்கள் இருவரும் சுடுகாட்டைக் கண்டதில்லை, அவன் கண்டிருந்தான். "இங்கிட்டு நில்லு. சுத்தி வருவேன். கல்லால தட்டு. மெதுவா" என்று பெரிய மனிதனைப்போல ஏவினான். செல்லம் கூர்ங்கல்லால் தட்ட, ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அவன் முதுகை நனைத்தது. மூன்று சுற்று. பிறகு கலயத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். மரப்பாச்சிக்கு ஒரு குச்சியால் கொள்ளி வைத்தான். ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினான்.

"ஏ ராசு, ஆட்டம் முடிஞ்சு போச்சுடா, வாடா" என்று செல்லம் கூப்பிட்டாள். அவன் நடந்துகொண்டே இருந்தான். நான் ஓடிப்போய் முன்னால் மறித்து, "ஏன்டா திரும்ப மாட்டேங்குற?" என்றேன்.

"பெரியப்பா சொன்னுச்சு. திரும்பிப் பாக்காம வாடா, பாத்தா ஆத்தா பின்னாடியே வந்துரும்னுச்சு" என்றான். "நான் பாக்கல அக்கா."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். உதடு கோணியது. "பாத்திருந்தா ஆத்தா வந்திருக்கும்ல?" என்று கேட்டுவிட்டு, ஆத்தா போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதான்.

அவன் எத்தனை நாளாக இதைச் சுமந்திருக்கிறான் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. ஆத்தா பின்னால் வந்துகொண்டிருந்தாள், தான் திரும்பாததால் போய்விட்டாள் என்று நினைத்திருக்கிறான். இல்லடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒருவேளை வந்திருப்பாளோ என்று நானும் நினைத்தேன்.

அதற்குள் சுள்ளி பொறுக்க வந்த அத்தை எங்களைப் பார்த்துவிட்டாள். துணி சுற்றிய மரப்பாச்சியும் உடைந்த கலயமும் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. கையிலிருந்த சுள்ளியாலேயே என்னை விளாசினாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல எழவா கூட்டுறீங்க? இன்னும் யாரைக் கொண்டுபோகணும்?" அவளுக்குக் கோபமில்லை, பயம். பிறகு ராசுவை இழுத்து அணைத்து, அவன் வாயைப் பொத்தி, பழக்கத்தில் வந்த அதே வார்த்தையைச் சொன்னாள்: "அழுதா ஆத்தா வந்துருமா?"

அவன் அழுகையை நிறுத்தினான். அவன் கேட்டதற்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான்.

மறுநாள் திருநீறு போட்டு, மந்திரித்த கயிறு கட்டினார்கள். செல்லத்தை என்னோடு சேரவிடவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், பிறகு நான் அவளைப் பார்க்கவேயில்லை. ராசு வளர்ந்தான், படித்தான், திருச்சியில் வேலைக்குப் போனான். கெட்டிக்காரன், நல்லவன், சிரிக்கத் தெரிந்தவன். ஆனால் எங்கிருந்து கிளம்பினாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். என்னைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு வண்டியோடு வந்து விட்டுவிட்டுப் போனபோதும் அவன் முதுகைத்தான் பார்த்தேன். பஸ் ஏற்றிவிட எத்தனையோ தரம் நின்றிருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும் முகம் முன்பக்கம்தான் இருக்கும். "ஒங்க தம்பிக்குப் பாசமில்லை" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் விளக்கியதில்லை. ராசுவிடமும் கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவானோ என்று பயம். அழுதால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நானும் அத்தையாகத்தான் ஆகியிருந்தேன்.

போன ஆனியில் அவன் போய்விட்டான். எழுபத்தைந்து வயது, நல்ல சாவு என்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். துட்டிக்கு வந்த பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் ஒருத்தியின் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பிடி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் கழுத்தில் கை போடச் செல்லமும் இல்லை. மயானத்துக்கு இப்போது பெண்களும் போகலாம் என்பதால் நானும் போனேன். ராசுவின் ஆறு வயதுப் பேத்தி என் கையைப் பிடித்திருந்தாள். அழுகிற முகம், சிரிக்கிற முகம், கோப முகம் என்று வட்ட வட்டமாக வரைந்து, இன்றைக்கு உனக்கு எந்த முகம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களாம். வண்டியில் வரும்போது சொன்னாள்.

ராசுவின் மகன் தோளில் புதுப் பானையை ஏற்றினார்கள். அதே வாசனை. எரிவாயு மேடையின் இரும்புக் கதவு மூடியதும் அங்கிருந்த ஆள், "யாரும் திரும்பிப் பாக்காம போங்க" என்றார். எல்லோரும் நடந்தார்கள். நான் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒன்று செய்யத் தோன்றியது, திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்த்து அந்தக் குழந்தையும் திரும்பியது.

"தாத்தா வருவாங்களா?" என்றாள்.

"வரமாட்டாங்க கண்ணு" என்றேன். "நீ பாத்தாலும் வரமாட்டாங்க, பாக்காட்டியும் வரமாட்டாங்க. ஒன்னால ஆனது ஒண்ணுமில்ல. அழுகை வந்தா அழு."

அவள் அழுதாள். எழுபது வருஷத்துக்குப் பிறகு எனக்கு அந்தப் பதில் சொல்ல வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டியவன் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தான்.