பின்பாதி சொன்னவன்

சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், பிறகு கதையும் வராது. பேய், ஆவி, முனி என்று யாராவது தொடங்கினால் முதலில் எழும்பிப் போகிற ஆள் நான்தான். கோயிலுக்குப் போவேன், ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை, அது வேறு. பள்ளிமுனை மாதிரி ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவனுக்குக் கோயில் என்பது மூச்சு விடுகிற மாதிரி, அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஆனால் செத்தவர் வந்து நின்றார், மாதா சுரூபம் கண்ணைத் திறந்தது என்று யாராவது சொன்னால், நீ டொக்டரிடம் கண்ணைக் காட்டவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். என் வாய் அப்படி.

எங்கள் வீட்டில் ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் செபமாலை தொடங்கும். ஒரே மன்றாட்டுத்தான் திரும்பத் திரும்ப வரும், அதன் முன்பாதியை நான் சொல்வேன், பின்பாதியை மற்ற எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். முன்பாதி மாதாவை வாழ்த்துவது. பின்பாதி அவரிடம் கேட்பது, பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும் வேண்டிக்கொள்ளும் என்று. நான் கொஞ்சம் வேகமாகத்தான் சொல்வேன், மறைக்க என்ன இருக்கிறது, பசி. என் தங்கச்சி றீற்றாவின் புருசன் ஜெறோம், அவர்கள் வீடு பக்கத்து வளவில்தான், "மச்சான் செபம் சொல்லேல்லை, எஞ்சின் ஓட்டுறான்" என்று பகிடி பண்ணுவான். அவன் என்னைப் போல இல்லை, நிதானமானவன். ஒவ்வொரு சொல்லையும் இழுத்துச் சொல்வான், எல்லாரும் முடித்த பிறகும் அவனுடைய 'வேண்டிக்கொள்ளும்' மட்டும் தனியாகக் கேட்கும். எனக்கு அது எரிச்சல்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே படகில்தான் தொழில். அது மார்கழி மாதம், வங்காலைப் பக்கம் வலை போட்டுவிட்டுப் பின்னேரம் திரும்பிக்கொண்டிருந்தோம். றீற்றாவுக்கு நிறைமாதம், அதனால் வேளைக்கு வீடு போகவேண்டும் என்று ஜெறோம் எஞ்சினின் வேகத்தைக் கூட்டி ஓட்டினான். மழை பிடித்து, கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அந்தக் கடல் ஆழமில்லாத கடல், யாரோ எப்போதோ வலை கட்ட ஊன்றிய கம்பு ஒன்று தண்ணீருக்குள் நின்றிருக்கிறது, நாங்கள் காணவில்லை. தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற எஞ்சினின் கால் அதில் அடிபட்டு, எஞ்சின் அப்படியே மேலே துள்ளி, குனிந்திருந்த ஜெறோமின் தாடையில் அடித்தது. சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, தேங்காய் உடைத்த மாதிரி.

அவன் படகின் பின்பக்கமே விழுந்துவிட்டான். வாயெல்லாம் இரத்தம். இரத்தம் தொண்டைக்குள் போகாமல் ஒருக்களித்துக் கிடத்தினேன், தலையைத் தொடப் பயமாக இருந்தது, மழை படாமல் தறப்பாளை இழுத்து மூடினேன். எஞ்சின் திரும்ப வேலை செய்யவில்லை, போன் நனைந்து செத்துவிட்டது. இருந்தது ஒரு நீளத் தடிதான், படகின் முன்பக்கம் நின்று அதை மண்ணில் ஊன்றித் தள்ளினால்தான் படகு நகரும். அப்படி நின்றால் அவனுக்கு என் முதுகுதான் தெரியும், என்னால் அவனைப் பார்க்க முடியாது. தலையில் அடிபட்டவனை நித்திரை கொள்ள விடக்கூடாது என்று எங்கேயோ கேட்டது ஞாபகம் வந்தது. றீற்றாவின் முகமும் வந்தது. பெற நிற்கிற தங்கச்சியிடம் போய் நான் என்னத்தைச் சொல்வேன்? பயத்தில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"டேய் ஜெறோம், நான் முன்பாதி சொல்லுறன், நீ பின்பாதி சொல்லு. நிப்பாட்டினியெண்டால் வந்து உதைப்பன்."

முன்பாதியைச் சொன்னேன். பதில் இல்லை. திரும்பச் சொன்னேன், மழைச் சத்தம் மட்டும்தான். தடியைப் போட்டுவிட்டு அவனிடம் போவோமா என்று நினைத்தபோது, நம்பினால் நம்புங்கள், பின்னாலிருந்து பின்பாதி வந்தது. அவனுடைய குரல்தான், அதே நிதானம், அதே இழுவை. நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் சொல்லச் சொல்ல அவன் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. 'எங்களுக்காக இப்பொழுதும்' என்றதும் நின்றுவிடுவான். மரண வேளையும் இல்லை, வேண்டிக்கொள்ளும் என்பதும் இல்லை. களைப்பு என்று நினைத்தேன், பிறகு கோபம் வந்தது, முழுசாச் சொல்லடா என்று கத்தினேன். அடுத்த முறையும் அதே இடத்தில்தான் நின்றான். அந்த நேரம் ஆறு மணிக் கோயில் மணி அடித்தது, அது வந்த பக்கம் பார்த்துப் படகைத் திருப்பினேன். கரை தட்டும்வரை பின்னாலிருந்து அந்தக் குரல் ஓயவில்லை.

எங்களைத் தேடிக் கரையில் ஆட்கள் நின்றார்கள். சூசை அண்ணன், கடலில் செத்த எத்தனையோ பேரைத் தூக்கியவர், அவர்தான் முதலில் படகில் ஏறித் தறப்பாளை விலக்கினார். கழுத்தில் கை வைத்தார், மூக்கடியில் விரல் வைத்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"தம்பி, இது முடிஞ்சு கனநேரம். உடம்பு குளிர்ந்துபோச்சு."

"என்ன கதை கதைக்கிறியள்? இப்பவரைக்கும் என்னோட செபம் சொல்லிக்கொண்டு வந்தவன்!"

ஒருவன் கோயிலிலிருந்து சுவாமியாரைக் கூட்டிவர ஓடினான், மற்றவர்கள் ஜெறோமை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். என்னை ஆறுதல்படுத்தத்தான் ஏற்றினார்கள் என்று பிறகு சூசை அண்ணனே சொன்னார். ஆசுப்பத்திரியில் நூல் மாதிரி ஒரு நாடி இருக்கிறதென்று கண்டுபிடித்தார்கள். எப்போது நினைவு தப்பியது என்று டொக்டர் கேட்டார். கரைக்கு வரும்வரை செபம் சொன்னவர் என்றேன். தாடை இரண்டு பக்கமும் உடைந்து, நாக்கு வெட்டுப்பட்டு வீங்கிப்போன ஆள், அ என்று சொல்லவும் இவரால் முடியாது என்றார். சொல்லிவிட்டு என் கண்ணுக்குள்ளும் லைட் அடித்துப் பார்த்தார்.

சுவாமியாரிடம் சொன்னேன். காற்றில் உன் குரல்தான் உனக்குத் திரும்பிக் கேட்டிருக்கும் என்றார். நல்ல மனுசர், அவரோடு நான் வாதாடவில்லை. ஆனால் எதிரொலி என்றால் நான் சொன்னதைத்தானே திருப்பிச் சொல்லவேண்டும்? நான் பின்பாதியை ஒரு முறைகூடச் சொல்லவில்லையே.

ஜெறோம் பிழைத்துவிட்டான். தாடையைக் கம்பியால் கட்டி, கஞ்சித் தண்ணீரும் பாலுமாகக் கிடந்து எழும்பினான். அதற்குள் பெண்பிள்ளையும் பிறந்துவிட்டது. எஞ்சின் துள்ளியதற்குப் பிறகு அவனுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. கம்பி எடுத்து வாய் சரியான பிறகு அவன் எங்கள் வீட்டுச் செபத்துக்கு வந்த முதல் நாள், றீற்றா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அன்றைக்குத்தான் முதல்தடவையாக அவசரப்படாமல் ஆறுதலாக முன்பாதி சொன்னேன், அவனுடைய அந்தக் கடைசி இழுவையைக் கேட்கவேண்டும் என்ற ஆசையில். எல்லாரும் முடித்தார்கள். அது வரவில்லை.

அடுத்த முறையும் வரவில்லை. மெல்ல நகர்ந்து அவன் பக்கத்தில் முழங்காலில் நின்று காது கொடுத்தேன். 'இப்பொழுதும்' என்றான், வாயை மூடிக்கொண்டான். மற்றவர்கள் மரண வேளையைச் சொல்லி முடிக்கும்வரை மாதாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செபம் முடிந்ததும் வெளியே கூட்டிப் போய், ஏன் முழுதாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்தான்.

"முழுசாத்தானே மச்சான் சொல்லுறன்."

பொய் சொல்லத் தெரியாதவன் அவன். அந்தப் பிள்ளை வளர்ந்து, போன வருசம் கோயிலில் 'முதல் நன்மை' வாங்குகிற சடங்கும் முடிந்தாயிற்று, இன்றைக்கும் அவன் அந்த இடத்தில்தான் நிற்கிறான். சேர்ந்து சொல்கிற சத்தத்தில் றீற்றாவுக்கு அது தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன். மரண வேளை இனிமேல் வரப்போகிறவன்தானே அதற்காக மன்றாட வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு வருகிறது, வந்ததும் அடித்துத் துரத்திவிடுவேன். அவன் சாப்பிடுகிறான், பகிடி விடுகிறான், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறான். நாங்கள் இன்னும் ஒரே படகில்தான் தொழிலுக்குப் போகிறோம். ஆனால் நான் அவனுக்கு முதுகு காட்டி நிற்பதில்லை.