முதல் நாள் ரத்தம்

ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்க நான் கற்றுக்கொண்டது, மகளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில். சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். கைப்பேசிக்கு வந்த அறிக்கையில் லிம்போசைட் என்ற வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று இருந்தது. நியூட்ரோஃபில்லுக்கு எதிரே ‘குறைவு’. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் பூந்தமல்லியில் எங்கள் குழந்தை மருத்துவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“இது பெரியவங்களுக்குப் போட்ட அளவும்மா. இந்த வயசுல லிம்போசைட்தான் ஜாஸ்தியா இருக்கும். ஸ்கூல் போற வயசுல தானா மாறிக்கும்.”

நான் வணிகவியல் படித்தவள். அன்று அவர் சொன்னதையெல்லாம் தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்துவைத்துக்கொண்டேன். இரண்டுமே வெள்ளை அணுக்கள். பாக்டீரியா வந்தால் முதலில் ஓடுவது பெரும்பாலும் நியூட்ரோஃபில். உடம்பில் எங்கோ அழற்சி என்றால் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை ரத்தத்தில் விடும். அது ஏறினால் கவனிக்க வேண்டும். அதன் பிறகு உறவுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளின் அறிக்கைகளை எனக்கு அனுப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அடுத்த காய்ச்சல் அவளுக்கு இரண்டரை வயதில் வந்தது. காலையில் உடம்பு சுட்டது. சாயங்காலமே மருத்துவரிடம் போய்விட்டோம். அவர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். மருந்து எழுதினார்.

“இப்ப பிளட் டெஸ்ட் வேணாம். மூணாவது நாளும் காய்ச்சல் இருந்தா கூட்டிட்டு வாங்க, அப்ப எடுத்துப் பார்க்கலாம்.”

வெளியே வந்தால் எதிர்ச்சாரியில் பரிசோதனைக் கூடம். சீட்டு இல்லாமலே ரத்தம் எடுப்பார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

“அவங்கதான் வாணாம்னாங்களே” என்றார் என் கணவர்.

“எப்படியும் எடுக்கத்தானே போறோம். இன்னிக்கே எடுத்துட்டா நிம்மதிங்க.”

அவர் அவளை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறும்போது அவள் என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். வீடு திரும்பும் வழியில், மெட்ரோ வேலைக்காக அடைத்துவைத்திருந்த இடத்தில் வண்டி நகராமல் நின்றபோது அறிக்கை வந்தது. சி.ஆர்.பி. அளவுக்குள். லிம்போசைட், அவள் வயதுக்கு இருக்க வேண்டியபடி, நியூட்ரோஃபில்லுக்கு முன்னால். “எல்லாம் நார்மல்” என்று அவர் காதருகே சொன்னேன். குடும்பக் குழுவிலும் போட்டேன். வரிசையாகக் கும்பிட்ட கைகள் வந்தன.

இரண்டாம் நாள் மருந்துக்குக் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் மதியம் கீழ்வீட்டு அக்கா ரசம் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். பாரிவாக்கத்தில் நாங்கள் குடியிருப்பது அவர்கள் வீட்டு மாடியில். அவர் கணவருக்குப் பூந்தமல்லி கடைத்தெருவில் தையல் கடை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் பாதி நேரம் கீழேதான் இருப்பாள். அன்று அவளை மடியில் போட்டுக்கொண்டு ஒரு வாய் ஊட்டிப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னாம்மா இது, மூச்சு இஸ்து இஸ்து வுடுது புள்ள? டாக்டராண்ட இட்டுகினு போலாமா? ஊட்டுக்காரர்கிட்ட சொன்னா ஆட்டோ அனுப்புவாரு.”

“காய்ச்சல்ல மூச்சு கொஞ்சம் வேகமாத்தான்க்கா இருக்கும். டெஸ்ட் எடுத்தாச்சு. பயப்பட ஒண்ணும் இல்ல, சாதா வைரஸ்.”

கைப்பேசியை அவரிடம் நீட்டினேன். அக்கா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினார். சி.ஆர்.பி. வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிம்மா. நீ படிச்ச பொண்ணு, ஒனக்குத் தெரியாததா.”

சாதக் கிண்ணத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அந்த வாரம் இரவு ஷிப்ட். கிளம்பும்போது அவரும் கேட்டார்.

“இன்னிக்கு மூணாவது நாளாச்சே, டாக்டர் வரச் சொன்னாங்கல்ல?”

“டெஸ்டுக்குத்தான் வரச் சொன்னாங்க. அதான் முன்னாடியே எடுத்தாச்சே.”

“ரிப்போர்ட்டு மேடமே சொன்ன பெறகு அப்பீல் ஏது” என்று சிரித்துக்கொண்டே ஷூவை மாட்டினார்.

மருத்துவர் மூன்றாம் நாள் என்று சொன்னதை ஒரு கெடுவாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். முன்கூட்டியே முடித்துவிட்ட வேலை என்று நினைத்தேன். அந்த நாளுக்கென்று ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றவேயில்லை.

மறுநாள் காலை அவள் பாலைத் தொடவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. மூக்குத் துவாரங்கள் விரிந்து சுருங்கின. அதை நேரில் பார்த்துக்கொண்டே கைப்பேசியைத் திறந்து அதே அறிக்கையை இன்னொரு முறை படித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அப்போதுதான் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். அவளைப் பார்த்தவர், தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றாமல் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மருத்துவர் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினார்.

“மூணாவது நாள் வரச் சொன்னேனேம்மா.”

நான் கைப்பேசியை நீட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவில்லை. மேலே ரத்தம் எடுத்த நாளையும் நேரத்தையும் பார்த்தார்.

“அன்னிக்கே எடுத்துட்டீங்களா? சி.ஆர்.பி. ஏற நேரம் ஆகும்மா. காய்ச்சல் வந்த அன்னிக்கே எடுத்தா நார்மலாக் காட்டிடலாம். அதனாலதான் மூணாவது நாள்னேன். இது மொதல் நாள் ரத்தம்.”

திட்டவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேச ஆரம்பித்திருந்தார்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் நரம்பு வழியாக மருந்து. அங்கே எடுத்த ரத்தத்தில் சி.ஆர்.பி. பல மடங்கு ஏறியிருந்தது. நியூட்ரோஃபில் லிம்போசைட்டை முந்திக்கொண்டு போயிருந்தது. ஆனால் அந்த வரிக்கு எதிரே தடித்த எழுத்து எதுவும் இல்லை; பெரியவர்களுக்கான அளவில் அது சரியாகவே பொருந்தியது. இரண்டரை வயதுக்கு அந்த வெற்றிடத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

மெல்ல மெல்லக் காய்ச்சல் விட்டது. குழாயை எடுத்தார்கள். சி.ஆர்.பி. பாதியாகி, பிறகு இன்னும் இறங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்றபோது நான் இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

“அன்னிக்கு அப்படி நம்பின, இன்னிக்கு எறங்கியும் நம்ப மாட்டேன்ற” என்றார் கணவர். “அவ கைல இனிமே குத்த எடம் இல்ல, பாரு.”

அவள் இரண்டு கைகளையும் போர்வைக்குள் ஒளித்துவைத்திருந்தாள்.

பிறகு ஒரு நாள் எங்கள் மருத்துவரிடம் கேட்டேன், ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று.

“ஆக்சிஜன் வெக்காமலே சரியாகி இருக்கலாம். வெச்சும் இருக்கலாம். மொதல்ல வைரஸா வந்து அப்புறம் இது சேர்ந்துச்சோ என்னவோ. எனக்குத் தெரியாதும்மா.”

‘உன்னால்தான்’ என்றோ ‘உன்னால் இல்லை’ என்றோ ஒன்றைச் சொல்லியிருந்தால் நான் அதோடு இருந்துவிட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அக்கா கேட்டருகே நின்றிருந்தார். ஆட்டோவிலிருந்து நான் இறங்குவதற்குள் மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“அன்னிக்கே நான் தூக்கினு ஓடியிருக்கணும். மனசுல தோணிச்சு. தோணியும் வாய மூடினு கீய எறங்கிட்டேன் பாரு. அல்லா காப்பாத்துனான்.”

அந்த வாயை மூட வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். “மேல வாங்கக்கா, டீ போடுறேன்” என்றேன்.

பால் காயும்வரை அடுப்பருகே நின்று அந்த ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். டம்ளரோடு வந்தபோது மகள் அவர் மடியில் தூங்கிப்போயிருந்தாள். அக்கா அவள் நெஞ்சின் மேல் கையை வைத்து, அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாதே என்று எனக்குச் சைகை காட்டினார். நான் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த வாக்கியத்தை இன்னும் சொல்லவில்லை. தெருவில் யாராவது பேச்செடுத்தால், அன்று தான்தான் அசட்டையாக இருந்துவிட்டதாக அக்கா சொல்கிறார். சில சமயம் நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன்.