திருமதி செல்வத்தின் நீர்க்கட்டி

விழுப்புரத்தில் அந்த ஸ்கேன் சென்டர் நடையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த ஆண்களில், சொந்த வயிற்றைக் காட்ட வந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் மாசமாயிருந்த மனைவிக்குத் துணையாக வந்தவர்கள். அந்தப் பெண்களோடு சேர்ந்து அவரும் பாட்டில் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார் (வயிற்று ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும்). பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

இது நடந்தது 2003-ல். திண்டிவனத்தில் எனக்குத் தையல் கடை. அவர் பெயர் மரியசெல்வம். கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவர். அப்போது வயது முப்பத்து நாலு.

ஒரு வருடமாகவே சாப்பிட்டு எழுந்தால் அவருக்கு வயிறு உப்பிக்கொள்ளும். இரண்டு இட்லியோடு போதும் என்பார். கேஸ் என்று சொல்லி சோடா குடிப்பார். கை கால் மெலிந்துகொண்டே வந்தது, இடுப்பு மட்டும் பெருத்தது. பேன்ட்டை இரண்டு தடவை பிரித்து அகலமாக்கிக் கொடுத்தவள் நான்தான். ஊர்ப் பெண்களை எல்லாம் டேப் வைத்து அளக்கிறவளுக்கு, கட்டின புருஷன் உடம்பில் ஒரே ஒரு இடம் மட்டும் ஏன் வளர்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. "தொப்ப போட்டுக்கினு வர்றீங்க, மொதலாளி ஆவப் போறீங்க" என்று கிண்டல் செய்தேன். இப்போது எழுதும்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கடைசியில் திண்டிவனத்து டாக்டர் ஒருவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுத்து வரச் சொல்லி விழுப்புரத்துக்கு அனுப்பினார். அப்படித்தான் அந்த நடையில் வந்து உட்கார்ந்தோம்.

உள்ளேயிருந்து ஒரு பெண் "செல்வம்!" என்று கூப்பிட்டாள். என் வீட்டுக்காரர் எழுந்தார். என் பக்கத்தில் இருந்த ஏழு மாதக் கர்ப்பிணியும் எழுந்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எனுக்கு செல்வின்னு காதுல வுழுந்துச்சிக்கா" என்றாள். அவள் பெயர் செல்வி. கெடாரில் மல்லாட்டை (வேர்க்கடலை) உடைக்கிற மில்லுக்கு அடுத்த வீடு, தலைப்பிரசவம் என்று பத்தே நிமிடத்தில் எல்லாம் சொன்னாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை ரிப்போர்ட்டை வாங்கி வந்தோம். எங்கள் டாக்டர் வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். அதுவரை காத்திருக்க என்னால் முடியுமா? எனக்கும் பொறுமைக்கும் எட்டாத தூரம். எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கடைசி வரியைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"வயித்துல சிஸ்ட்டுன்னு போட்டுக்குது. நீர்க்கட்டிம்மா."

"நீர்க்கட்டியா? அது பொம்பளைங்களுக்குத்தான வரும்?"

"அதான் நானும் பாக்கறேன். மேல மிஸஸ் செல்வம்னு கீது பாரு. ரிப்போர்ட்டு மாறிப்போச்சி."

எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அந்த மூன்று எழுத்தை மட்டும் கல்யாணப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறேன். சந்தேகமே இல்லை, மிஸஸ்தான். வயது இருந்த இடத்தில் மை ஈஷி அழிந்திருந்தது. எனக்கு உடனே செல்வியின் முகம் கண் முன்னால் வந்தது. வயிற்றுப் பிள்ளையோடு கட்டியும் சேர்ந்து வளர்கிறது, பாவம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது! அவளுடைய ரிப்போர்ட் என் கைப்பையில் இருக்கிறது!

என் வீட்டுக்காரருக்கோ ஒரே சந்தோஷம். "பாத்தியா, நான்தான் சொன்னேனே, எனுக்கு வெறும் கேஸுதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் செல்விக்காக முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டேன். பூசை முடிந்ததும் கெடாருக்குப் புறப்படுங்கள் என்று அவரை உலுக்கினேன்.

"நாளைக்கு ஸ்கேன் சென்டர்லயே குடுத்துட்லாம் ரீத்தா. எனுக்கு வயிறு ஒரு மாதிரியா கீது."

"உங்களுக்கு என்னைக்குத்தான் ஒரு மாதிரியா இல்ல? ஏழு மாசக்காரி ஒருத்தி அங்க ஒன்னும் தெரியாம ஒக்காந்துக்கினு இருக்கா. ஜல்தி கெளம்புங்க."

கிளம்பினார். நான் சொன்னால் தட்டமாட்டார், அதுதான் வினையாயிற்று. விழுப்புரத்தில் இறங்கி கெடார் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவர் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

மில்லை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். வாசலில் மல்லாட்டை மூட்டைகள் அடுக்கியிருந்தன. செல்வியின் மாமியார் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். கட்டி என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

"ஏம்மா, மாசமா இருக்கற பொண்ணு முன்னாடி வந்து கட்டி கிட்டின்றியே, உனுக்கே நல்லாகீதா? யாரு நீ? எழுந்துரு மொதல்ல!"

செல்விதான் பதறாமல் உள்ளே போய் ஒரு கவரை எடுத்து வந்தாள். "என் ரிப்போர்ட்டு எங்கிட்டதான்க்கா கீது. கொழந்த நல்லா கீதுன்னு டாக்டரம்மா படிச்சே காட்டிட்டாங்க." அதில் அவள் பெயர், ஊர், வயது எல்லாம் இருந்தன. அவள் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். பத்தாவது வரை படித்தவள்.

"அக்கா, அன்னைக்கி செல்வம்னு கூப்புட்டதுக்கு உள்ள போனது உங்க வூட்டுக்காருதான?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியில் இல்லை. மூட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "ரீத்தா, முடியல" என்றார். பத்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை.

செல்வியின் கணவர் மில்லில் நின்ற லோடு ஆட்டோவை எடுத்து வந்தார். ஒரு நிமிடம் முன்னால் என்னை விரட்டிய மாமியாரே ஏறி உட்கார்ந்து என் வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். விழுப்புரம் வரும்வரை நான் வாய் ஓயாமல் சத்தமாக ஜெபம் சொன்னேன், நடுநடுவே அவரையும் திட்டினேன். "பஸ்ஸுலயே சொல்லக் கூடாதா? வாயில இன்னா கொழுக்கட்டயா?" பயத்தில் எனக்குத் திட்டத்தான் வரும்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர் வயிற்றில் கை வைத்தார். பலகையாக இறுகியிருந்தது. "அக்யூட் அப்டமன்" என்றார் (திடீரென்று வரும் கடுமையான வயிற்று வலி, பல நேரம் உடனே வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும்). குடல்வால் வீங்கி வெடித்திருக்குமோ, குடலில் ஓட்டையோ என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள். நான் வெட்கத்தோடு அந்தத் தாளை நீட்டினேன்.

"சார், இது வேற பொம்பளையோடதுன்னு நெனச்சிட்டோம். நீர்க்கட்டின்னு..."

அவர் படித்தார். "நீர் கோத்துக்கிட்டு கட்டி எங்க வந்தாலும் நீர்க்கட்டிதாம்மா. ஆம்பளைக்கு வராதுன்னு யாரு சொன்னா? அங்க டைப் அடிக்கிறவங்களுக்கு நாள் முழுக்க மிஸஸ் போட்டுக் கை பழகிப்போச்சி, அவ்ளோதான்." ஒரு கை டைப் அடித்த மூன்று எழுத்து, என் வாய் அவசரம், இரண்டும் சேர்ந்து ஒரு மனிதரைக் கெடார் வரைக்கும் இழுத்தடித்திருக்கிறது.

உள்ளே கொண்டுபோனார்கள். செல்வியின் கணவர் ரத்தம் கொடுத்தார். மூன்று மணி நேரம். அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு, இவர் எழுந்து வந்தால் போதும், இனிமேல் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். அதை நான் நிறைவேற்றவில்லை என்பது உங்களுக்கே தெரிகிறது.

டாக்டர் வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "பொழச்சிக்கிட்டாரும்மா! வா, வந்து பாரு!" என்று ஒரு தட்டைக் காட்டினார். சின்னதும் பெரியதுமாகத் திராட்சைக் கொத்துப் போல ஒரு கட்டி, அதோடு ஒரு சாண் குடல். சில அறைகளில் பால் நிறத்தில் நீர், சிலவற்றில் ரத்தம். "இத்தன வருஷ சர்வீஸ்ல இத புஸ்தகத்துலதாம்மா பாத்திருக்கேன். பெரியவங்களுக்கு வர்றதே அபூர்வம்!" அவரைக் கும்பிடவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. என் புருஷன் வயிற்றில் கிடைத்தது அவருக்கு லாட்டரி!

அதன் பெயர் லிம்ஃபாஞ்சியோமா (நிணநீர்க் குழாய்கள் பிறவியிலேயே சரியாக இணையாமல், நீர் தேங்கி உருவாகும் கட்டி). குடலைத் தாங்கும் சவ்வில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் வளர்ந்து, அன்றைக்கு அதற்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. அதனால்தான் திடீர் வலி. புற்றுநோயா என்ற கேள்வியை என்னால் கேட்கக்கூட முடியவில்லை. திசுப் பரிசோதனை முடிவு வர ஒன்பது நாள் ஆனது. புற்றுநோய் இல்லை என்று வந்தது.

அதற்கு முன்னால் இன்னொரு பரீட்சை இருந்தது. குடலை வெட்டி ஒட்டினால், அது மறுபடி வேலை செய்கிறது என்பதற்குக் காற்றுப் பிரிய வேண்டும். அதுவரை சொட்டு நீர் கிடையாது. "காத்து பிரிஞ்சிதா?" என்று டாக்டர் கேட்பார், நர்ஸ் கேட்பார், தரை துடைக்கிற அம்மா கேட்பார். வார்டு முழுக்க அவருடைய காற்றுக்காகக் காத்திருந்தது. நாலாம் நாள் காலை அவர் என்னைச் சைகையில் கூப்பிட்டார். மூக்கில் குழாயோடு, வெட்கத்தோடு, "ஆச்சி" என்றார். நான் நடை முழுக்க ஓடினேன். "பிரிஞ்சிடுச்சி சிஸ்டர்! பிரிஞ்சிடுச்சி!" பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். பிள்ளை பிறந்த வீட்டில்கூட அப்படி ஒரு கொண்டாட்டத்தை நான் பார்த்ததில்லை.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ரிப்போர்ட்டை மெடிக்கல் ஷாப்பில் படிக்கக் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் எடுத்த இடத்திலேயே கேளுங்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தால் அதைத் தொப்பை என்று சிரிக்காதீர்கள்.

ஒரு நூல் அளவு மிச்சமிருந்தாலும் மறுபடி வளரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் வருடா வருடம் ஸ்கேன். எங்கள் வீட்டில் வருடம் ஜனவரியில் பிறப்பது நின்றுபோயிற்று. ஸ்கேன் முடிந்த மறுநாள்தான் பிறக்கும். அவர் ஏப்பம் விட்டால் போதும், ஊசியை வைத்துவிட்டு எழுந்து ஓடுவேன். அவரும் மாறிவிட்டார். மோட்டார் சத்தத்தைக் கேட்கிற மாதிரி இப்போதெல்லாம் தன் வயிற்றையே தலை சாய்த்துக் கேட்கிறார். பசித்தால் பசிக்கிறது என்கிறார், நொந்தால் நோகிறது என்கிறார். முன்பு அந்த உடம்பு அவருக்கு வேலைக்குக் கொண்டுபோகிற சைக்கிள், அவ்வளவுதான்.

பத்தாவது ஸ்கேன் 2013-ல். டாக்டர் திரையைத் திருப்பி எங்களுக்கே காட்டினார். "சுத்தமா இருக்கு. இனிமே வருஷா வருஷம் வர வேணாம். வலி வந்தா மட்டும் வாங்க" என்றார். நான் தலையாட்டினேன், நன்றி சொன்னேன், கம்பீரமாக நடந்து பஸ் ஏறினேன். பஸ் விழுப்புரத்தைத் தாண்டியதும் எனக்கு அழுகை வந்தது பாருங்கள், அப்படி ஒரு அழுகை. பத்து வருடத்து அழுகை. முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். கண்டக்டர் பயந்துபோய் ஓடி வந்தார்.

"இன்னா சார், அம்மா இப்டி அழுவுறாங்க? எதுனா கெட்ட சேதியா?"

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொன்னார்:

"அதெல்லாம் ஒன்னுமில்ல சார். ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாங்க, அதுக்குத்தான் அழுவுது."