மினுங்கும் நகம்

எழுபதுகளில் தூத்துக்குடியில் கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு மெடிக்கல் பார்த்த அந்த டாக்டர் நெடுநெடுவென்று இருப்பார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். தோலில் அரிக்கிற கரப்பான் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, முதலில் நம் விரல்களைத்தான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஓயாமல் சொறிகிறவனின் நகம் தேய்ந்து, சிப்பியின் உட்புறம் போல மினுங்குமாம்.

எனக்கு முன்னால் போய்த் தோற்று வந்த மணப்பாட்டுக்காரர் வராந்தாவில் வைத்து இதைச் சொன்னார். முழங்கை மடிப்பில் இருந்த கரப்பானை மறைக்கத்தான் நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். மினுக்கம் போகட்டும் என்று வராந்தாச் சுவரில் பத்து நகத்தையும் பரபரவென்று தேய்த்துவிட்டு உள்ளே போனேன்.

“அரிப்பு உண்டா?”

“இல்ல சார்.”

என் நகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். “அரிப்பு இல்லாதவன் எதுக்குலே நகத்தச் சுவத்துல தேய்க்கான்?”

சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்துவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

“நகம் மங்குனதுக்குப் பொறவு வா.”

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சொறியாமல் இருந்தேன். மறுபடி போனபோது விரல்களைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். முழங்கையில் நாலணா அகலத்துக்குக் கரப்பான் இன்னும் மிச்சம் இருந்தது.

“சுவத்துல தேய்க்கலியே?”

“இல்ல சார்.”

கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்த முறை சட்டையைச் சுருட்டச் சொல்லவே இல்லை. மறந்தாரா, தெரிந்தே விட்டாரா, இன்றுவரை விளங்கவில்லை. கப்பலில் என் கை முழங்கைக்குப் போகும்போதெல்லாம், பாதியில் நிறுத்தி, நகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன்.